விரல் போகும் சந்து

"ஏம்மா, நீ எந்தக் கைல எழுதுவ?"

போன வியாழக்கிழமை, களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துக்கொண்டே திம்மப்பன் மகளிடம் கேட்டார்.

ஹரிணி பிட்ட களியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் அப்பா அவளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. ஸ்பானர் எங்கே, கிரீஸ் டப்பா எங்கே என்பதெல்லாம் கேள்வியில் சேராது.

"எடது கைல நைனா."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். சோற்றுக்கும் ஒருவரிடம் ஒன்றை நீட்டுவதற்கும் வலது கை என்று அடித்துப் பழக்கிய வீடு. பேனாவும் ஊசியும் மட்டும் யாரும் பார்க்காத நேரத்தில் இடது கைக்கே போய்விடும்.

அவர் "ம்" என்றார். திட்டவில்லை. அந்த "ம்"மை அவள் நாலு நாள் பத்திரமாக வைத்திருந்தாள்.

இன்று திங்கட்கிழமை, காலை ஏழரை மணி. குருபரப்பள்ளி ரோட்டோர ஷெட்டில், வெங்கடப்பனின் பழைய தக்காளி லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள்.

அந்த லாரிக்குக் கியர் தரையில் இல்லை, ஸ்டியரிங் தண்டிலேயே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து இரண்டு கம்பிகள் இறங்கி, கியர்பாக்ஸில் இருக்கும் இரண்டு லீவர்களைப் பிடித்திருக்கும். மூட்டுகள் தேய்ந்துவிட்டால் ஒரு கியர் போட இன்னொன்று விழும். அதைச் சரிசெய்ய, மேலே ஒருவர் கியரை நியூட்ரலில் அசையாமல் பிடிக்க வேண்டும். கீழே ஒருவர் லீவர்கள் இரண்டையும் ஒரே நேராகச் சேர்த்துப் பிடித்து, கம்பியின் நட்டை இறுக்க வேண்டும்.

லீவருக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள சந்தில் திம்மப்பனின் கை நுழையாது. ஹரிணியின் கை நுழையும். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் அந்தச் சந்துக்காகத்தான் அவளுடைய புத்தகப் பை ஆணியில் ஏறியது.

"திம்மண்ணா, இந்தப் பொண்ணு கட்டிக்கினு போயிடுச்சின்னா, நீ ஷெட்டைப் பூட்டிட்டு அஞ்செட்டிக்கு மாடு மேய்க்கப் போவ வேண்டியதுதான்" என்று வெங்கடப்பன் கேலி பேசுவார். நிற்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள்.

திம்மப்பன் சிரித்ததில்லை.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. கீழே இருப்பவள் "கை வெளிய" என்று கத்த வேண்டும். மேலே இருப்பவர் "வெளிய" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் கியரை அசைக்கலாம்.

ஒருமுறை வெங்கடப்பன் மேலே உட்கார்ந்திருந்தார். பீடி பற்றவைக்கும் அவசரத்தில் முழங்கையால் கியரை இடித்துவிட்டார். திம்மப்பன் அவரைக் கீழே இழுத்துப் போட்டு அறைந்தார். "எம் பொண்ணு கைடா அது!"

லாரிக்கு அடியில் ஹரிணி அழுதாள். விரலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அழுதாள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு, ஆள் எடுப்பதற்கு அழைத்துப்போக ஓசூரிலிருந்து கம்பெனி பஸ் வரும். செல்போனுக்குப் பாகங்கள் செய்கிற கம்பெனி. ஹாஸ்டல் உண்டு, நீலச் சட்டை உண்டு. எழுத்துத் தேர்வு கிடையாது, கைத் தேர்வுதான். எறும்புத் தலையளவு திருகாணிகளை இடுக்கியால் எடுத்துத் தட்டுக் குழிகளில் வைக்க வேண்டும். இரண்டு நிமிஷத்தில் முப்பது.

ஒரு மாதமாகக் கடுகை வைத்துப் பழகியிருந்தாள். இடது கையில் முப்பத்தாறு. வலது கை பத்தைத் தாண்டியதில்லை.

அப்பா அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"இன்னைக்கி எடது கைய உள்ள உடு" என்றார் மேலேயிருந்து. "அதுலதான் ஒனக்குப் புடி நிக்கும்."

வழக்கமாக அவள் வலது கையைத்தான் சந்தில் விடுவாள். நட்டை இறுக்குவது இடது கை.

அப்பா ஞாபகம் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கிரீஸும் கருப்பு எண்ணெயும் வடிகிற அந்த இடத்தில், தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

நாலு விரல்களும் லீவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தன.

"கை உள்ளதான இருக்குது?"

"உள்ளதான் நைனா."

நாலு வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை என்பது, பதில் சொன்ன பிறகுதான் உறைத்தது.

கியர் விழுந்தது. பாரத்தோடு மேடு ஏறும்போது போடுவதுபோல, முழு பலத்தோடு.

சத்தம் சின்னதுதான். காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிவதுபோல அடுத்தடுத்து இரண்டு. ரோட்டில் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. தான் கத்தினோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு கியர் மெல்ல நியூட்ரலுக்கு வந்தது. கை சந்திலிருந்து விடுபட்டு மார்மேல் விழுந்தது.

பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

"கை வெளிய."

மேலேயிருந்து பதில் வரவில்லை.

கதவு திறந்தது. அப்பாவின் ரப்பர் செருப்புகள் தரையில் இறங்கி, அவள் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. காகிதம் கசங்கியது. ஒரு கை மட்டும் கீழே வந்து, மெடிக்கல் ஷாப் உறை ஒன்றை அவள் தோளருகே வைத்தது.

குருபரப்பள்ளியில் மெடிக்கல் ஷாப் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.

உறைக்குள் பஞ்சு இருந்தது. பிரிக்காத கட்டுத்துணி இருந்தது. விரலுக்கு அணை கொடுக்க, கழுவிக் காயவைத்த ஐஸ் குச்சிகள் இருந்தன.

ஒடிந்தது இரண்டு விரல். குச்சிகள் நாலு இருந்தன.

செருப்புகள் திரும்பின. டீக்கடைப் பக்கமாக, அவசரமில்லாமல் போயின.