பெல் அடித்துவிட்டு ஓடுகிறவன்

என் மூத்த மருமகன்தான் இதை முதலில் சொன்னார், போன மழைக்காலத்தில், பல் டாக்டர் வாசலில் காத்திருந்தபோது. அவ்வளவு வலியோடு யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

அவருக்குத் தெரிந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர். கல்யாணமாகாதவர். அப்பாவும் பிள்ளையுமாக இரண்டாவது மாடியில் இருந்தார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, தட்டில் வைத்த கையோடு போய்விட்டார்.

சொந்தபந்தமெல்லாம் கிளம்பியதும் பிள்ளை அப்பாவின் கட்டிலில் படுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. கடை பூட்டிக் கிடந்தது. அக்கா போன் செய்து கெஞ்சினாள்.

"கடையைத் திறடா. இப்படியே கிடந்தா நீயும் போயிடுவே."

"போனா போறேன், விடுக்கா."

'சாமி, என்னையும் கூப்பிட்டுக்கோ' என்று வேண்டிக்கொண்டே கிடந்தார். ஒரு விடியற்காலை, வேண்டி முடிப்பதற்குள் வாசல் பெல் அடித்தது.

தூக்கிவாரிப் போட்டது. கேட்டவுடனேயா ஆள் அனுப்புவார்? நடுங்கிக்கொண்டே கதவைத் திறந்தார். யாரும் இல்லை. படியில் தடதடவென்று யாரோ இறங்கி ஓடும் சத்தம்தான்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.

துக்க வீட்டில் என்ன விளையாட்டு இது! அடுத்த நாள் கதவுக்குப் பின்னாலேயே நின்றார். பெல் அடித்ததும் பாய்ந்தார். மஞ்சள் பனியன் போட்ட ஒரு குண்டு ஆள், பந்து மாதிரி உருண்டு ஓடிக்கொண்டிருந்தான்.

"நில்லுடா!"

"நிக்கிறதுக்கா சார் ஓடறேன்? வாங்க, வாங்க!"

தெருமுனையோடு இவருக்கு மூச்சு முட்டிவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மஞ்சள் பனியனும் எட்டி நின்றது.

"செருப்போட ஓடினா முட்டி போயிடும் சார். நாளைக்கு ஷூ போட்டுட்டு வாங்க."

"வர்றேண்டா! உன் பல்லைக் கழட்டறதுக்கு வர்றேன்!"

சொன்னபடியே ஷூ மாட்டி, கண்ணாடி நழுவாமல் கயிறு போட்டுத் தலையோடு கட்டிக்கொண்டு வந்தார்.

கீழ்வீட்டு அம்மாள் பால்கனியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "அப்பன் போய் முழுசா ரெண்டு மாசம் ஆகலை. அரை டிராயரைப் போட்டுக்கிட்டு ஓடிப்பிடிச்சு விளையாடறான். நல்லா இருக்குடி அம்மா!"

துரத்தல் நாளுக்கு நாள் நீண்டது. மார்க்கெட் தாண்டியது. ரயில்வே கேட் தாண்டியது. ஆற்றுப்பாலம் வரை போனது.

"திருட்டுப் பயலே, கொஞ்சம் மெதுவாப் போயேண்டா!"

"மேடு வருது சார். சின்னச் சின்னதா அடி வைங்க."

"உன்கிட்ட யாருடா யோசனை கேட்டா?" என்று கத்திக்கொண்டே, சின்னச் சின்னதாக அடி வைத்தார்.

மூச்சு பழகப் பழகப் பேச்சும் வளர்ந்தது. எல்லாம் பத்தடி தள்ளி, கத்திக் கத்தித்தான்.

"எங்கப்பாகிட்ட நான் கடைசியா என்ன சொன்னேன் தெரியுமாடா? 'தொணதொணன்னு பேசாம சாப்பிடுங்க'ன்னு சொன்னேண்டா!"

"எல்லாரும் அதைத்தான் சார் சொல்லியிருக்கோம்! பள்ளம் இருக்கு, பாத்து வாங்க!"

சொன்ன வாயோடு அவனே அந்தப் பள்ளத்தில் விழுந்தான்.

கண்ணாடிக் கடைக்காரர் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார். அப்போதே பிடித்திருக்கலாம். "விழுந்தவனைப் பிடிச்சா கணக்கில்லைடா, எழுந்திரு" என்று தூக்கி நிறுத்தி, முதுகு மண்ணைத் தட்டிவிட்டு, பத்தடி போகவிட்டு, மறுபடி துரத்தினார்.

அன்றைக்குக் கடையைத் திறந்தார்.

அப்புறம் ஒருநாள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெகுதூரம் போய், மஞ்சள் பனியனை எட்டிப் பிடித்துவிட்டார். இரண்டு பேரும் புல்லில் சாய்ந்தார்கள்.

"மாட்டினியா! யாருடா நீ? ஊர்ல இத்தனை வீடு இருக்க, என் வீடுதான் கிடைச்சுதா?"

"லாண்டரி வச்சிருக்கேன் சார். போன வருஷம் எங்கம்மா போயிட்டாங்க. நானும் இப்படித்தான் கட்டிலே கதின்னு கிடந்தேன். ஒருத்தர் தினம் விடியறப்போ வந்து பெல்லடிச்சுட்டு ஓடுவார். கொன்னுடலாம்னு வரும். மாசக்கணக்கா துரத்தினேன். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பழிப்புக் காட்டுவார்."

"அப்புறம்?"

"ஒருநாள் நான் ஷூ மாட்டிட்டு உக்காந்திருக்கேன், பெல்லே அடிக்கலை. மறுநாளும் அடிக்கலை. அப்புறம் பேப்பரைப் பிரிச்சா, இரங்கல் பக்கத்துல அவர் போட்டோ. கீழே உங்க வீட்டு விலாசம்."

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "எங்கப்பாவா? அவர் காலையில பேப்பர் வாங்கத்தானேடா போவார்!"

"வாங்கிட்டுத்தான் சார் வருவார். அதைச் சுருட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான் ஓடுவார்." லாண்டரிக்காரன் பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்பவும் கடைசி வரைக்கும் என்னால பிடிக்கவே முடியலை சார்."

இதைப் படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு சின்ன வேண்டுகோள். எங்கள் பின்தெருவில், பச்சைக் கதவு வீட்டில், அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பெண் ஜன்னல்கூடத் திறக்காமல் கிடக்கிறாள். என் முழங்கால் ஓட விடாது. நாளைக் காலை அந்தப் பக்கம் போனால், பெல்லை ஒரு தடவை அடித்துவிட்டு ஓடுங்கள். கொஞ்சம் மெதுவாகவே ஓடுங்கள், அவளுக்கு இன்னும் பழக்கமில்லை.