எடை குறைந்த பக்கம்

தராசுக்காரர் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அவசரப் பிரிவின் வாசலில், தள்ளுவண்டியில். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த நிலைமையிலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“ஒல்லித் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டுக்கோங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. இந்த நேரத்தில் ஒரு திருடனுக்காகவா பரிந்து பேசுவாள்?

“முதல்ல நீ எழுந்து வா. அந்தக் களவாணி பேச்சை அப்புறம் பார்த்துக்கலாம்.”

அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒல்லி பன்னிரண்டு வருஷமாக அவருடைய தராசுப் பட்டறையில் வேலை பார்த்தவன். பெயர்தான் ஒல்லி. வாசலில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், எடைக்கற்களைச் சோதித்து அரசு முத்திரை போடுகிற அதிகாரி வந்து எடைக்கல் பெட்டியைத் திறந்தார். வெல்வெட்டில் இரண்டு குழிகள் காலி. இருநூறு கிராம் ஒன்று, நூறு கிராம் ஒன்று. அந்நிய மனுஷன் முன்னால் தராசுக்காரருக்கு முகம் செத்துப்போனது.

“நீயா எடுத்தே?”

ஒல்லி தரையைப் பார்த்தான். “ஆமாண்ணே.”

“எங்கே?”

“தொலைஞ்சு போச்சுண்ணே.”

“அரை கிராம் தப்பினா எனக்குத் தூக்கம் வராது. முந்நூறு கிராமை முழுங்கிட்டுக் கல்லு மாதிரி நிக்கிறியே! வெளியே போடா.”

அரை கிராம் என்று அவர் சொன்னது வாய்ப்பேச்சு இல்லை. முள் அசைவதற்கு முன்னாலேயே எந்தத் தட்டு இறங்கும் என்று சொல்லிவிடுகிற கண் அவருக்கு.

அன்று சாப்பாடு போடும்போது மனைவி மெல்ல ஆரம்பித்தாள். “ஒண்ணு சொல்லணும். அந்த எடைக்கல்லு...”

“அவனுக்கு வக்காலத்து வாங்காதே.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இப்படித்தான் போன வருஷமும். புற்றுநோய் என்று இடது மார்பை எடுத்த பிறகு, டாக்டர் ஒரு தாளில் மூன்று படம் வரைந்து நிதானமாக விளக்கினார்.

“திரும்ப உருவாக்கிக்கலாம்மா. சிலிக்கான் வைக்கறது ஒரு வழி. அடிவயித்துச் சதையை எடுத்து வைக்கறது ரெண்டாவது. முதுகுத் தசையை முன்னால திருப்பறது மூணாவது. எதுவும் வேணாம்னாலும் சரிதான். அவசரமே இல்லை. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

அவள் வாய் திறப்பதற்குள் தராசுக்காரர் முந்திக்கொண்டார். “இந்த வயசுல அவளுக்கு எதுக்கு டாக்டர் இன்னொரு கத்தி? எனக்கு அவ இப்படியே போதும்.”

பக்கத்தில் நின்ற நர்ஸ் உருகிப்போனாள். “குடுத்து வச்சவங்கம்மா நீங்க!”

அவள் சிரித்தாள். தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் யார் பார்க்க வந்தாலும் தராசுக்காரர் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் அனுப்பியதில்லை. எனக்கு அவ இப்படியே போதும்.

தள்ளுவண்டி உள்ளே போய் இரண்டு மணி நேரம் கழித்து அவசரப் பிரிவு டாக்டர் வெளியே வந்து, தலையை மட்டும் ஆட்டினார்.

அப்புறம் ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். “அவங்க சாமான் சார்.”

உடுப்பு. மூக்குக்கண்ணாடி. கைப்பை. அதற்கடியில், கையால் தைத்த சின்ன உருண்டைத் துணிப்பை ஒன்று. உள்ளாடைக்குள் வைத்துக்கொள்கிறது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு வருஷத்தில் அவர் அதைப் பார்த்ததே இல்லை.

எடுத்ததும் கை தானாக எடை போட்டது. முந்நூற்றைம்பது கிராம்.

துணியும் பஞ்சும் இப்படிக் கனக்காதே!

நகத்தால் தையலைப் பிரித்தார். பஞ்சுக்கு நடுவிலிருந்து இரண்டு பித்தளை எடைக்கல் உள்ளங்கையில் விழுந்தன. இருநூறு. நூறு. இரண்டிலும் அவருடைய பட்டறை எண்.

சாவுச் செய்தி கேட்டு ஒல்லி ஓடிவந்தபோது, அவர் அந்தப் பெஞ்சிலேயே கையை விரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“ஏண்டா என்கிட்ட சொல்லலை?”

ஒல்லி எடைக்கற்களைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டான். “எப்படிண்ணே சொல்றது? ‘வெறும் பஞ்சு நிக்க மாட்டேங்குது தம்பி, மேலே மேலே ஏறுது, ஒரு பக்கமாவே இழுத்துக் கழுத்தெல்லாம் வலிக்குது, கனமா ஏதாவது இருக்கா’ன்னு அண்ணி கேட்டாங்க. அதைக் கேட்கவே அரை மணி நேரம் ஆச்சு அவங்களுக்கு. இரும்புன்னா வேர்வையில துருப்பிடிக்கும்னு நான்தான் பித்தளையில எடுத்துக் குடுத்தேன்.”

“உன்னைத் துரத்தினேனே, அப்பவாவது?”

“அண்ணி சொல்லிடறேன்னுதான் துடிச்சாங்க. நான்தான் வேண்டாம்னேன். எனக்கு வேற பட்டறை கிடைக்கும்ணே.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமேடா! கட்டின புருஷன்டா நான்!”

“நீங்கதான் இப்படியே போதும்னு ஊரெல்லாம் சொல்லிட்டீங்களே.” ஒல்லி தயங்கினான். பிறகு கேட்டேவிட்டான். “ஒரு வருஷமா அண்ணிக்கு இடது தோள் ஏறியே இருந்துச்சு. உங்க கண்ணுக்கு அது தெரியலையாண்ணே?”

தராசுக்காரர் கைப்பையைத் திறந்தார். நாலாக மடித்த தாள் அதில் இருந்தது. மடிப்பெல்லாம் நைந்து, பிரித்தால் கிழிந்துவிடும் போலிருந்தது.

அந்தத் தாள் இன்னும் அவரிடம் இருக்கிறது. மூன்று படங்களில் இரண்டாவதைச் சுற்றி, பேனாவால் ஒரு வட்டம்.