பதினொரு பிக்னிக்

“பதினொரு பிக்னிக்! வெக்கமா இல்லையாடா உனக்கு?”

மேலாளர் ஹோவர்ட் ஒரு தாளை மேசைமேல் வீசினார். கணினிப் பழுது பார்க்கும் கிரெய்க் அதை எடுத்துப் பார்த்தான். எங்கள் நகராட்சிக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறான். ஊர் சுற்ற ஒருநாள் லீவு போட்டவன் இல்லை.

“சும்மா விளையாட்டுக்கு எழுதினது ஹோவர்ட். நம்ம ஆளுங்க எல்லாரும்தானே எழுதுறோம்?”

“எழுதுறோம். யார் கண்ணுலயும் படாம எழுதுறோம். நீ என்னடான்னா புகார்ப் பதிவை அப்படியே அந்தம்மாவுக்கே மெயில்ல அனுப்பி வச்சிருக்க!”

விஷயம் இதுதான். பழுது பார்க்கிறவர்களுக்குள் சில ரகசியச் சுருக்கங்கள் உண்டு. அதில் ஒன்று பிக்னிக்: ‘ப்ராப்ளம் இன் சேர், நாட் இன் கம்ப்யூட்டர்.’ கோளாறு நாற்காலியில், கணினியில் இல்லை. பச்சையாகச் சொன்னால், உட்கார்ந்திருக்கிற ஆள் மண்டு.

மூன்றாம் மாடியில் பிறப்பு இறப்பு பதிகிற டோரீனுக்குத்தான் பதினொரு தடவை இந்தப் பட்டம். பாவம், அந்த அம்மாவின் புகார் எப்போதும் ஒன்றே. “வர்றவங்களுக்குக் கை குடுக்கலாம்னு எந்திரிச்சா திரை கறுத்துப் போகுது கண்ணு. விரல் வேற சுள்ளுங்குது.”

“சுள்ளுங்கிறதுக்கு டாக்டரைப் பாருங்க. கறுக்கிறதுக்குக் கையேட்டைப் படிங்க” என்பான் கிரெய்க்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் படித்தார் டோரீன். பாதி சுருக்கங்கள், மீதி, அந்தச் சுருக்கங்களை விளக்குகிற வேறு சுருக்கங்கள். தலையில் அடித்துக்கொண்டு மறுபடி கூப்பிடுவார். இவனும் மேலே போய், மேசை முன்னால் நின்றபடியே நாலு தட்டு தட்டிப் பார்ப்பான். ஜம்மென்று ஓடும். இறங்கி வந்து புகார்ப் பதிவில் பிக்னிக் என்று எழுதுவான்.

போன வாரம் மனைவியைப் பறிகொடுத்த ஒரு பெரியவர் வந்திருக்கிறார். ஆறுதலாகக் கையைப் பிடிக்க டோரீன் எழுந்ததும் திரை போயிற்று. பதறிப்போய், கிரெய்க் சொல்லிக் கொடுத்திருந்தபடி கணினியை அணைத்துப் போட, பதிந்ததெல்லாம் காலி. செத்துப்போனவள் பேரை அந்த மனுஷன் மறுபடி எழுத்துக் கூட்டிச் சொல்லவேண்டியதாயிற்று. டோரீனும் சேர்ந்து அழுதாராம்.

“அன்னிக்கே பிக்னிக்னா என்னன்னு எங்கிட்ட கேட்டாங்க. மழுப்பிட்டேன்” என்றார் ஹோவர்ட். “இப்போ தலைமை அதிகாரிகிட்ட உன்னைப் பத்திப் பேசிட்டு நேரா இங்க வர்றாங்க. எழுத்துல ஒரு புகார் குடுத்தாங்கன்னா உன் வேலை போச்சு. என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

 கிரெய்க்கின் மனைவிக்கு இது மாசம் எட்டு. யார் காலில் விழுவது, என்ன சொல்லித் தப்பிப்பது, ஒன்றும் புரியவில்லை.

கதவு திறந்தது. டோரீன் நின்றார், கையில் ஒரு தகர டப்பாவுடன்.

“டோரீன், நான் வேணும்னு...”

“நீ பேசாதே. எங்க அக்கா பையன்கிட்ட அந்த ஆறு இங்கிலீஷ் எழுத்துக்கு அர்த்தம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சான் பாரு, எனக்கு வந்துச்சு கோபம்! ஒவ்வொரு எழுத்தா விரிச்சு எழுதிக் குடுடான்னு வாங்கிட்டேன். அந்தத் தாளைத் தலைமை அதிகாரிகிட்டயும் காட்டிட்டுத்தான் வர்றேன்.”

ஹோவர்ட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். 

“மன்னிச்சிடுங்க, டோரீன்.” கிரெய்க் கையைக் கூப்பினான்.

“மன்னிப்பா? அதை நான்தானே கேக்கணும்!” டோரீன் டப்பாவைத் திறந்து நீட்டினார். உள்ளே இஞ்சிக் கேக். “பதினொரு தடவை படிச்சுப் படிச்சு எழுதியிருக்க, இந்த மரமண்டைக்குத்தான் உறைக்கல.”

கிரெய்க் திருதிருவென்று விழித்தான்.

“நாற்காலியை மாத்துனேன் கண்ணு, அன்னியிலேர்ந்து விரலும் சுள்ளுங்கல, திரையும் கறுக்கவே இல்ல!”