அமுக்கினால் சொல்

“நான் கையை அமுக்குனா ‘ம்’னு சொல்லணும். அமுக்கலன்னா சும்மா இருக்கணும்.” மகளின் காதுக்குள் சொன்னாள் கொளஞ்சியம்மாள்.

“வெளையாட்டாம்மா?”

“ஆமா. யாருகிட்டயும் சொல்லக் கூடாத வெளையாட்டு.”

அம்சவள்ளியின் கன்னத்தில் ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். நடுவில் குழி, சுற்றிலும் தடித்த வரம்பு. கால்வாய் வெட்டும் வேலைக்குப் பிகானேர் போன குடும்பம் உடையார்பாளையத்துக்குத் திரும்பியபோது அது வெறும் பருவாகத்தான் இருந்தது. பிறகு உடைந்தது. ஆறவே இல்லை.

வலிக்கிறது என்று பெண் ஒருநாளும் அழவில்லை.

அழாததுதான் பயம்.

பள்ளிக்கூடத்தில் தனியாக உட்காரவைத்தார்கள். ஓரகத்தி முத்தாயி தன் பிள்ளைகளை அருகே இழுத்துக்கொண்டு, “எதுக்கும் தண்ணிக் கொடத்தத் தனியா வச்சுக்கக்கா” என்றாள். நோயின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை.

இன்று பள்ளிக்கூட வாசலில் குஷ்டரோக இன்ஸ்பெக்டரின் ஜீப் நின்றது. அவருடைய சோதனை ஊருக்கே தெரியும். கண்ணை மூடச் சொல்வார். குண்டூசி முனையால் தொடுவார். தொட்டது தெரியாவிட்டால் அந்த நோய்தான்.

முந்திரி பூக்கும் மாதத்து வெயில். கொளஞ்சி முந்தானையை இழுத்து முழுக்கப் போர்த்திக்கொண்டு, மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“கண்ணை மூடு பாப்பா. தொட்டா சொல்லு.”

ஊசி கன்னத்தருகே போனது. கொளஞ்சி அமுக்க வேண்டும் என்று நினைத்தாள். விரல்கள் அசையவில்லை.

“ம்” என்றாள் அம்சவள்ளி.

ஊசி விலகிக் காற்றில் நின்றது. பெண் பேசவில்லை. ஊசி மறுபடி வந்து புண்ணின் ஓரத்தைத் தொட்டது.

“ம். சுருக்குங்குது சார்.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

“அது இல்லம்மா இது. வடக்க வேலைக்குப் போனீங்கல்ல, அந்த மணல் காட்டுல ஒரு பொடி ஈ இருக்கு, கொசுவுல பாதி இருக்கும். அது கடிச்சு வர்ற புண்ணு. கூட இருக்கறவங்களுக்கு ஒட்டிக்காது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில காட்டுங்க, ஆறிடும்.”

அம்சவள்ளி அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். “நீ அமுக்கவே இல்ல, நானே சொன்னேன்” என்று கிசுகிசுத்தாள்.

கொளஞ்சிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. எழுந்தாள். எழுந்த வேகத்தில் முந்தானை நழுவியது.

முழங்கைக்குக் கீழே வெளிறிய திட்டு.

“இருங்கம்மா.” இன்ஸ்பெக்டரின் குரல் தணிந்திருந்தது. “உக்காருங்க. கையை நீட்டுங்க. கண்ணை மூடிக்கிங்க.”

மூடிக்கொண்டாள். மறுகையை மகள் வந்து பற்றிக்கொண்டாள்.

காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. அவர் இன்னும் தொடங்கவில்லை போலிருக்கிறது.

உள்ளங்கைக்குள் சின்ன விரல்கள் அமுக்கின.

“ம்” என்றாள் கொளஞ்சியம்மாள்.