செண்பகவல்லியின் அபிப்பிராயம்

"நல்லாயிருக்கு" என்றாள் செண்பகவல்லி.

அவர் புத்தகத்தை மூடினார்.

நல்லாயில்லை. வாசித்த அவருக்கே தெரிந்தது. நாவலின் முதல் அத்தியாயம் முழுக்க மழை பெய்தது. ஒருவரும் நனையவில்லை.

பழைய செண்பகவல்லி என்றால் அந்த மழையை முதல் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பாள்.

பால்கனியில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்திருந்தார். தலையைச் சுற்றிப் பருத்தித் துணி. அதற்கடியில் முடி இப்போதுதான் முளைக்கிறது. எழுத்தைப் பார்த்தால் கண் கூசுகிறது என்பதால், காலையில் கடைக்குப் போகுமுன் அவர் வாசித்துக் காட்டுவார்.

கோவில்பட்டியில் மோட்டார் பம்ப் கடை வைத்திருப்பவர். முன்பெல்லாம் மனைவியை வாசகர் வட்டத்துக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போய், கூட்டம் முடியும்வரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவள் பேச எழுந்தால் மேடையில் இருக்கும் எழுத்தாளர் தண்ணீர் குடிப்பார். அவள் பேச்சைக் கேட்ட ஒருவர் வருடக்கணக்கில் எழுதவே இல்லை. அப்புறம் எழுதிய நாவலில் முதல் நன்றி அவளுக்குத்தான்.

தலைக்குள் இருந்த கட்டியை எடுத்த டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். உயிருக்குப் பயமில்லை. பேச்சு வந்துவிடும். குணத்தில் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம்.

என்ன வித்தியாசம் என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால் போதும் என்றிருந்தது.

வந்தாள். நடந்தாள். சிரித்தாள்.

எல்லாவற்றையும் நல்லாயிருக்கு என்றாள்.

பார்க்க வந்த அவருடைய தங்கை சீதாலட்சுமி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"மதினி முன்ன மாதிரி இல்லண்ணே. சாந்தமாயிட்டாங்க. நல்லதுக்குத்தான்."

அவர் தலையாட்டினார். அவள் போனபிறகு மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் மோசமான புத்தகங்களாகத் தேடி வாங்க ஆரம்பித்தார்.

ஒரு கவிதைத் தொகுப்பு. திறந்த பக்கமெல்லாம் நிலா அழுதது.

"நல்லாயிருக்கு."

ஒரு குறுநாவல். ஒவ்வொருத்தர் பேசி முடித்ததும் ஆசிரியர் குறுக்கே வந்து அதற்கு விளக்கம் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு."

பக்கத்திலேயே இருந்தாள். அவளைக் காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது. புதிதாக வந்திருந்த ஒரு சிறுகதையை எடுத்தார். ஒருவன் மனைவியைக் கேட்காமலேயே பெற்ற பிள்ளையை அண்ணனுக்குத் தத்துக் கொடுத்துவிடுகிறான். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள், தலை நரைத்தும் அவனிடம் பேசவில்லை. கடைசிப் பக்கத்தில் அவன் காப்பி போட்டுக் கொண்டுவருகிறான். அவள் வாங்கிக்கொள்கிறாள். கண் கலங்க அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"நிறுத்துங்க."

அவர் பதறிப்போய் எழுந்தார்.

"தலை வலிக்கா?"

"அவ எதுக்கு மன்னிக்கா?"

"எவ?"

"இந்தக் கதையில உள்ளவதான். பிள்ளையத் தூக்கிக் கொடுத்தவன், ஒரு டம்ளர் காப்பிய நீட்டுனா சரியாப்போச்சா? எழுதுனவருக்கு வீட்டுக்குப் போக நேரமாயிருச்சு போல."

அவர் நின்றபடியே இருந்தார். பேசினால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"அப்போ... நல்லாயில்லையா?"

"அப்படி ஒரேயடியாச் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளை பெரியப்பா கூடப் போறப்ப திரும்பியே பாக்கலல்ல. பஸ்ஸுல சன்னல் சீட்டு கிடைக்குமான்னு கேக்குது. அது எழுத்து. அந்த இடத்த எழுதுன ஆளு கடைசிப் பக்கத்துல எங்க போனாருன்னு தெரியல."

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். தெருவில் ஒன்றுமில்லை. ஒரு மாடு, ஒரு தண்ணீர் லாரி. இரண்டும் கலங்கலாகத் தெரிந்தன.

"எதுக்கு அழுறீங்க? அவ்வளவு மோசமில்ல கதை."

அவர் சிரித்துவிட்டார். மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

அவள் ஓயவில்லை. அடைபட்டுக் கிடந்ததெல்லாம் வந்தது. நிலாவை ஒரு வருடத்துக்குக் கவிஞர்கள் யாரும் தொடக் கூடாது என்றாள். குறுநாவலில் ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டால் மிச்சம் தேறும் என்றாள். மழை நாவலில் ஒருவருக்காவது சளி பிடித்திருக்க வேண்டாமா என்று கேட்டாள்.

"அதையெல்லாம் நல்லாயிருக்குன்னு சொன்னியே செண்பகம்."

"நானா?"

யோசித்தாள். புருவம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது.

"யாரோ சொன்ன மாதிரிதான் இருக்கு" என்றாள்.

அவர் உள்ளே போய் அடுப்பில் பாலை வைத்தார். பொங்கும்வரை நின்றார். பொங்கி வழிந்ததும் அணைத்தார். காப்பி போடாமல் திரும்பி வந்தார்.

கையில் செல்போன் இருந்தது. கடையில் ஆள் வராத மத்தியானங்களில் அதில் அவர் தட்டி வைத்த கவிதைகள் நிறைய இருந்தன. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூட அவளிடம் காட்டியதில்லை. பயம். போன மாதம் காட்டியிருக்கலாம். நல்லாயிருக்கு என்று சொல்லியிருப்பாள். அதை நினைத்துத்தான் காட்டவில்லை.

"இன்னொண்ணு வாசிக்கவா? கவிதை. சின்னதுதான்."

"யாரு எழுதுனது?"

"புது ஆளு."

அவள் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் வரியை வாசித்தார். இரண்டாவது வரியை வாசித்தார்.

"நில்லுங்க."

நின்றார்.

"முதல் வரி வேண்டாம். ரெண்டாவதுலயிருந்து வாசிங்க."

அவர் முதல் வரியை அழித்தார். இரண்டாவது வரியிலிருந்து ஆரம்பித்தார்.

கடைசி வரி வந்தது. அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"அடுத்தத வாசிங்க" என்றாள்.