மாதுளைச் சிவப்பு

வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளி கடைசியாகச் செய்த காரியம், புதுத் துணியின் மேல் கலர் அட்டையை வைத்துப் பார்த்து, "இம்மி பிசகலை" என்று கையெழுத்துப் போட்டதுதான். மறுநாள் வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ரயில் ஏறினார். அங்கிருந்து சாவுச் செய்திதான் வந்தது, அவர் வரவில்லை.

அன்றிலிருந்து மாதுளைச் சிவப்பைக் காக்கும் பாரம் தன் தலையில் இறங்கிவிட்டதாகக் 'கழுகு' நினைத்துக்கொண்டாள். நிறம் சரிபார்க்க இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்தவள். அவள் கண்ணைப் பார்த்துக் கடையில் வைத்த பேர் அது.

அந்தச் சிவப்பு சட்டப்படி, முதலாளி தன் பேரிலேயே நடத்திய அந்தக் கோட்டுக் கடைக்கே சொந்தம். வேறு யாரும் அந்த நிறத்தில் கோட்டுத் தைத்து விற்க முடியாது. வருடா வருடம் சாயம் தோய்த்து வரும் புதுத் துணியை முந்தின வருட அட்டையோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போனால் புதுத் துணியில் ஒரு சதுரம் வெட்டிப் புது அட்டையில் ஒட்டுவார்கள். பழைய அட்டை குப்பைக்குப் போகும். முப்பது வருடமாக இதுதான் வழக்கம்.

முதலாளி போன இருபதாம் நாள், கடைக்குள் ஓர் அம்மா வந்தார். பையிலிருந்து ஒரு சிவப்புக் கோட்டை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"இதுக்கு ஒட்டுப் போட உள்ளங்கை அளவு துணி வேணும்மா. இந்தக் குளிருக்காவது போட்டுக்கலாம்னு ஆசை."

கோட்டின் உள்மடிப்பில் சதுரமாக ஓர் ஓட்டை.

"எலி கடிச்சதாம்மா?"

"எலி ஸ்கேல் வச்சா கடிக்கும்? தைச்சவரே வெட்டினார். ஏதோ மாதிரிக்கு வேணும்னு."

கழுகு அட்டையைக் கோட்டின் மேல் வைத்தாள். புருவம் ஏறியது. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் மறுபடி வைத்தாள். கோட்டு இரண்டு சாயல் கருத்திருந்தது. கழுத்துப் பட்டையைப் புரட்டினாள். லேபிளும் இல்லை.

"மனசைத் தேத்திக்கோங்கம்மா. இது டூப்ளிகேட்டு."

"அப்படியா!" அந்த அம்மாவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. "பழசாச்சே, கலர் மாறியிருக்காதா?"

"பழசானா வெளுக்கும்மா, கருக்காது."

"அதுவும் சரிதான். உன் அட்டை வெளுத்திருந்தா?"

"எங்க அட்டை வருஷா வருஷம் புதுசு!" கழுகுக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்களை எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான்."

"ஏமாத்தறதுல கெட்டிக்காரர்தான். நாளைக்கு ஒட்டுப் போட்டுத் தர்றேன், நாளைக்குத் தர்றேன்னே முப்பது வருஷத்தை ஓட்டிட்டார்."

"இப்ப எங்கே அந்த ஆளு?"

"சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிட்டார்மா."

"பார்த்தீங்களா! திருட்டு வேலை பண்றவங்க எல்லாரும் இப்படித்தான்." கழுகு கோட்டை மடித்து அவர் பக்கம் நகர்த்தினாள். "தப்பா நினைக்காதீங்க. டூப்ளிகேட்டுக்கு எங்க துணியை வெட்டித் தர முடியாது. வெளியில வேற துணி வாங்கி ஒட்டுப் போட்டுக்கோங்க."

"வேற துணி ஒட்டுனா ஓட்டையே தேவலாம்மா."

அவர் கோட்டை மறுபடி பைக்குள் வைக்கவில்லை. அதன் காலரை நீவிவிட்டபடி நின்றார். கழுகுக்கு மனசு என்னவோ செய்தது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புகார்ப் படிவத்தை எடுத்தாள்.

"நீங்க கவலைப்படாதீங்க. இந்தக் கலருக்காக எங்க முதலாளி உசுரையே கொடுத்து உழைச்சவர். அந்த ஆளைச் சும்மா விட மாட்டேன். வக்கீல் நோட்டீஸ் போகும்."

"நோட்டீஸ் அனுப்பினா வந்து ஒட்டுப் போட்டுத் தருவாரா?"

"வராம எங்கே போவார்? வந்துதான் ஆகணும்!"

"அப்ப உடனே அனுப்பும்மா."

சிரிக்கிறாரா, வேறு ஏதாவதா என்று கழுகின் கண்ணுக்கே பிடிபடவில்லை. பேனாவைத் திறந்தாள்.

"தைச்சவர் பேரு?"

அந்த அம்மா கண்ணாடிக் கதவுக்கு மேலே கையைக் காட்டினார்.

"உங்க வாசல்ல பெரிசா எழுதி மாட்டியிருக்கே கண்ணு, அந்தப் பேருதான்."