ஆறு பேன்ட் கூலி

“வணக்கம், உங்களுக்கு என்ன உதவி...” என்று ஓர் ஆண்குரல் ஆரம்பித்ததுமே தையற்காரர் போனைத் துண்டித்தார். காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

“இப்ப எதுக்கு வெச்சீங்க மாஸ்டர்? ஆள்தான் கிடைச்சாச்சே” என்றார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர். கால் நீளம் குறைக்கக் கொடுத்த பேன்ட்டுக்காக அவர் அரை மணி நேரமாகக் காத்திருந்தார்.

“இந்த ஆளு சரிப்பட மாட்டான்ணே. குரலே சொல்லுது.”

“குரல்ல என்ன இருக்கு? ஆன்லைன் கடை மெம்பர்ஷிப்பை ரத்து பண்ணுன்னா பண்ணிட்டுப் போறான். பொண்ணா பார்க்கப் போறீங்க?”

தையற்காரர் மறுபடியும் எண்ணை அழுத்தி, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு இருபது காட்டியது.

“அப்படி என்ன நஷ்டம் அதுல? எனக்கு மாசம் நாலு பார்சல் வருது. மிச்சமாகிற டெலிவரி காசுலயே கட்டின பணம் தேறிடுது.”

“சாமான் தேவைப்பட்டு நாலு பார்சல் வருதா, இல்ல கட்டின பணம் வீணாகக் கூடாதுன்னு நாலு பார்சல் வருதா? போன வாரம் என்ன வாங்கினீங்க?”

மருந்துக்கடைக்காரர் சற்று யோசித்தார். “முட்டை வேக வைக்கிற மெஷின்.”

“வீட்டுல யாரு முட்டை சாப்பிடுறது?”

“டாக்டர்தான் வேணாம்னுட்டாரே.”

“அதைத்தான் சொல்றேன். நான் வருஷம் பூரா வாங்கினது மூணே சாமான். கத்தரிக்கோல், மேஜை விளக்கு, தையல் மிஷினுக்கு ஒரு பெல்ட். அதுக்கு ஆறு பேன்ட் தைச்ச கூலியைத் தூக்கிக் குடுத்திருக்கேன். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.”

அதற்குள் போனில் வேறொருவன் ‘வணக்கம்’ சொன்னான். லைனை வெட்டினார். அடுத்த முறை கணீரென்று ஒரு பெண்குரல். அதையும் வெட்டினார். எரிச்சலில் பேன்ட்டின் மடிப்பு கோணிக்கொண்டு போனது. தைத்ததைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“அட, அந்த ஆப்லயே ரத்து பண்ண பட்டன் இருக்கு மாஸ்டர். ஒரு அமுக்கு, தீர்ந்துது. இப்படிக் குடுங்க.”

தையற்காரர் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “பட்டனெல்லாம் வேணாம்ணே. வாயால பேசி முடிக்கணும். அதுவும் ஒரு மணிக்குள்ள.”

“ஒரு மணி தாண்டினா தானாப் புதுப்பிச்சுப் பணத்தை எடுத்துக்குவானா?”

“ஒரு மணி அடிச்சா எல்லாம் போச்சு. ஒரு வாரமா வீட்டுல இதே பேச்சுதான், சோறு இறங்கல.” புறங்கையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அழுத்தினார்.

பன்னிரண்டாவது தடவை லைன் கிடைத்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. தொண்டை கட்டின, களைத்துப்போன ஒரு பெண்குரல் வணக்கம் சொன்னது. தையற்காரர் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேஜைமேல் வைத்தார்.

“என் மெம்பர்ஷிப்பை ரத்து பண்ணணும்” என்றார் உரக்க.

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. “காரணம் தெரிஞ்சுக்கலாமா சார்?”

கத்தரிக்கோல், விளக்கு, பெல்ட், ஆறு பேன்ட் கூலி என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினார். “பகல் கொள்ளைம்மா இது.”

“அந்த பெல்ட் எத்தனை நாள்ல வந்துச்சு சார்?”

“கேட்ட மறுநாளே வந்துச்சு. அதுக்கென்ன?”

“மெம்பரா இல்லேன்னா அஞ்சு நாள் ஆகியிருக்கும். அஞ்சு நாள் மிஷின் ஓடலேன்னா எத்தனை பேன்ட் கூலி போயிருக்கும் சார்?”

“கடைத்தெருவுல போய் நானே வாங்கியிருப்பேன்.”

“கடையைப் பூட்டிட்டுத்தானே போகணும்? அந்த அரை நாள் கூலியை யாரு சார் தருவா?”

“பாயின்ட்டுதான்” என்று தலையாட்டினார் மருந்துக்கடைக்காரர். தையற்காரர் அவரை முறைத்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

“நீங்க சொல்றதும் சரியாத்தாம்மா இருக்கு. ரத்து வேணாம். இன்னும் ஒரு வருஷத்துக்குப் போட்டுக்குங்க.”

“பதிவு பண்ணிட்டேன் சார்” என்றது குரல். “ரொம்ப நன்றி சார்.”

லைன் துண்டானதும் மருந்துக்கடைக்காரர் பொறுக்க மாட்டாமல் எழுந்தார். “ஏன் மாஸ்டர், ஒரு மணி நேரமா என் பேன்ட்டைப் பாடாப் படுத்தினது இதுக்குத்தானா? ஒரு பொம்பளை நாலு வார்த்தை நயமாப் பேசினதும் கவுந்துட்டீங்களே. வீட்டுல தெரிஞ்சா என்ன சொல்வாங்க?”

தையற்காரர் ஊசியில் நூலைக் கோத்தார்.

“பேசினதே எம் பொண்டாட்டிதான்ணே. ரத்து பண்ண வர்ற ஒரு ஆளையாவது ஒரு மணிக்குள்ள நிறுத்தி வைக்கலேன்னா, இன்னியோட அவளுக்கு வேலை இல்லைன்னுட்டாங்க.”